பிராஸஸர் மீது சுமத்திய பழி

டெலிவிஷனில் ஸ்டீரியோ ஒலியைப் பற்றிப் பேசும் ரசிகர்களிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றி நிற்கிறது. ஸ்டூடியோவில் பிறக்கும் சங்கீதம் பரிசுத்தமானதென்றும், ஸ்டூடியோவுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவே வீற்றிருக்கும் பிராஸஸர் என்னும் ஒலிச் சீரமைப்புக் கருவியே அதை நசுக்கிக் கெடுக்கிறதென்றும், அக்கருவியைப் பிடுங்கி எறிந்தால் கச்சேரி மண்டபமே நம் கூடத்தில் வந்திறங்குமென்றும் அவர்கள் சாதிக்கிறார்கள். 1984இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பீ.டி.எஸ்.சி. என்னும் ஸ்டீரியோ டெலிவிஷன் முறையை முன்வைத்து இந்த வாதத்தை விசாரிப்போம்.

இடப்பக்க ஒலி ஒன்று, வலப்பக்க ஒலி ஒன்று, இரண்டையும் உள்ளபடியே அனுப்பினால் போதாதா என்பது அவர்களுடைய முதற் கேள்வி. ஒற்றை ஒலிபெருக்கி வைத்த பழைய பெட்டிகளும் குறைவின்றிப் பாட வேண்டியிருந்தமையால், இரண்டின் கூட்டுத்தொகை பிரதான வழியிலும், அவற்றின் வித்தியாசம் 31.468 கிலோஹெர்ட்ஸில் அமைந்த துணையலையிலும் சென்றன. பண்பலை ஒலிபரப்பில் அதிர்வெண் மேலே போகப்போக இரைச்சல் பெருகுவது இயற்கை நியதி. ஆகவே வித்தியாச ஒலியின் மெல்லிய பகுதிகளை அனுப்புமுன் உயர்த்தி, வீட்டுப் பெட்டியில் அதே அளவு தாழ்த்தும் டிபிஎக்ஸ் முறை சேர்க்கப்பட்டது. அதை நீக்கினால் எஞ்சுவது ‘உஸ்’ஸென்ற இரைச்சலேயாகும். உயர்த்தலும் தாழ்த்தலும் சிறிது பிசகினாலோ, இடப்பக்க ஒலி வலப்பக்கம் கசியும். சீரமைப்பு இல்லையேல் அந்த ஸ்டீரியோவே இல்லை.

கட்டுப்பாடின்றி விட்டால் ஒலி இயற்கையாக இருக்கும் என்பது இரண்டாவது வாதம். பண்பலை வானொலிக்கு 75 கிலோஹெர்ட்ஸ் அலைவிலகல், அதாவது ஒலிக்கேற்ப அலைவரிசை ஊசலாடும் எல்லை, உண்டு. அந்த முறையில் டெலிவிஷனின் கூட்டொலிக்கோ 25 மட்டுமே இருந்தது. அதன்மேல், இரைச்சலை அடக்கும் பொருட்டு உச்ச ஸ்வரங்களை முன்கூட்டியே மிகைப்படுத்தி அனுப்பும் சம்பிரதாயத்தால், 15 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஏறக்குறைய ஏழு மடங்காயிற்று. பாடகி ‘ஸ’காரத்தை அழுத்தி உச்சரித்தாலும், தாளத்தட்டுகள் மோதினாலும் எல்லை கடந்துவிடும். அவற்றை மட்டும் அந்தக் கணத்தில் அடக்கும் கருவி இல்லாவிடில், எஞ்ஜினியர் முழு நிகழ்ச்சியின் ஒலியையுமே தாழ்த்த நேரிடும். அப்பொழுது மெல்லிய ஆலாபனை இரைச்சலில் மூழ்கிப்போகும். போதாக்குறைக்கு, ஸ்டீரியோவை அறிவிக்கும் பைலட் அலை வானொலியில் 19 கிலோஹெர்ட்ஸில் ஒதுங்கி நிற்க, டெலிவிஷனிலோ 15.734இல், அதாவது 15 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறும் சங்கீதத்தின் வாசற்படியிலேயே நின்றது. இரண்டும் கலவாமல் காக்கச் செங்குத்தான வடிகட்டி வேண்டியிருந்தது. வடிகட்டியால் மீண்டும் துள்ளி எழும் முகடுகளைத் திருத்த மற்றோர் அங்கமும் வேண்டியிருந்தது.

விளம்பரங்கள் காதைப் பிளப்பதற்கும் இக்கருவியே காரணம் என்பது மூன்றாவது குற்றச்சாட்டு. விளம்பரம் தயாராகும் இடத்திலேயே, மெலிவும் வலிவும் ஒரே மட்டமாக இறுக்கப்பட்டுவிடுகின்றன. அதன் முகடு நாடகத்தின் முகட்டை விட உயரவில்லை; முகடுகளுக்கு நடுவே மௌனந்தான் இல்லை. முகட்டை மட்டும் காட்டும் மானி இந்தச் சூழ்ச்சியை அறியாது. செவி உணரும் உரப்பை அளந்து அதற்கேற்பத் தாழ்த்தும் கருவிக்காக, 1960களிலேயே சி.பி.எஸ். ஆய்வுக்கூடத்தில் பெஞ்சமின் பௌவர் முதலியோர் உழைத்தார்கள். விளம்பர ஒலியை அடக்கும் சட்டம் 2010இல் அமெரிக்காவில் நிறைவேறியபோது, அதை நடைமுறைப்படுத்த நிலையங்கள் நாடிய சாதனங்களுள் இதே இனத்துக் கருவிகளும் இருந்தன. திருடனைப் பிடிக்க வந்த காவற்காரனையே திருடனென்பது நியாயமன்று.

டிஜிட்டல் யுகத்தில் இதெல்லாம் அநாவசியம் என்பது நான்காவது வாதம். பிரிட்டனில் பிறந்த நைக்கம் என்னும் டிஜிட்டல் ஸ்டீரியோ முறையே 14 பிட் ஒலியை 10 பிட்டாகச் சுருக்கி அனுப்பிற்று. அமெரிக்க டிஜிட்டல் முறையில் இரைச்சல் ஒழிந்தது மெய்தான். ஆயினும் வசனத்தின் உரப்பைக் குறிக்கும் எண்ணை நிலையத்தார் பிழையாக இட்டால், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி ஒலி ஏறி இறங்கும் தொல்லை மட்டும் ஒழியவில்லை.

எதிர்வாதிகளின் பக்கம் ஒரு சிறு நியாயம் உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை. போட்டி நிலையத்தைவிட உரக்க ஒலிக்க வேண்டுமென்ற பேராசையால் கருவியைக் கடுமையாகத் திருகிவிட்டவிடத்து, பேச்சு நின்ற மாத்திரத்தில் பின்னணிச் சந்தடி பொங்கி எழுவதையும், இட வலக் கட்டுப்பாடுகள் இணைக்கப்படாதபோது பாடகர் மேடையில் நகர்வதுபோல் தோன்றுவதையும் எவரும் கேட்கலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; அவளுக்காகக் கூடத்தை இடிப்பார் உண்டோ? கருவியை எடுத்துவிடுங்கள் என்று நிலையத்தாருக்கு எழுதும் ரசிகர்கள், அதன் திருகுகளை எந்த அளவில், யார், எதற்காக வைத்தார்கள் என்று கேட்டு எழுதுவார்களானால், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவர் அங்கே நிச்சயம் இருப்பார்.