கதை நேரமா, கண்காட்சி நேரமா?

பிப்ரவரி பிறந்தால் போதும், அமெரிக்காவின் பல பள்ளிகளிலும் பொது நூலகங்களிலும் ஒரே காட்சிதான். அது கறுப்பின வரலாற்று மாதம். அதுவரை அலமாரியின் அடித்தட்டில் கிடந்த படப் புத்தகங்கள் தூசி தட்டப்பட்டு முன்மேசைக்கு வரும். கதை நேரத்தில் ரோசா பார்க்ஸ் பேருந்தில் அமர்வார், மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றுவார். மார்ச் பிறந்ததும் மேசை காலி! மே மாதம் ஆசியர்களுக்கு, நவம்பர் பழங்குடிகளுக்கு. காலண்டரில் தாள் கிழிக்கக் கிழிக்க இனம் மாறும்.

இதற்குப் பெயர் பல்பண்பாட்டுக் கல்வியாம்!

பல இன, பல மொழிக் குழந்தைகளைப் பற்றிய படப் புத்தகங்களைச் சிறுவர்களுக்கு வாசித்துக் காட்டுவது நல்ல காரியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதை வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் திருவிழாவாக்குவது அந்த நல்ல காரியத்தையே கெடுக்கிறது. சாதாரண நாளில் வாசிக்கப்படுவது வெள்ளைக் குழந்தையின் கதை, விசேஷ நாளில் வாசிக்கப்படுவது மற்றவர்களின் கதை என்றால், யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்பது நான்கு வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

புத்தகமே இல்லாத காலம்

இந்தப் புத்தகங்கள் சும்மா வந்துவிடவில்லை. 1965-ல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். 1962 முதல் 1964 வரை 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 சிறுவர் நூல்களை அவர் கணக்கில் எடுத்தார். அவற்றில் ஒரே ஒரு கறுப்பினப் பாத்திரமாவது இடம்பெற்றவை 349. அதாவது நூற்றுக்கு ஏழுகூட இல்லை. அந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி வருகிறாள். படங்களைப் புரட்டிக்கொண்டே, இதில் ஏன் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே இருக்கிறார்கள் என்று கேட்கிறாள். எத்தனை எளிய கேள்வி! பதில் சொல்லத்தான் ஆளில்லை.

இருந்த புத்தகங்களின் லட்சணம் என்ன? 'லிட்டில் பிளாக் சாம்போ' ஒன்று போதும். இதை எழுதிய ஹெலன் பானர்மேன் ஸ்காட்லாந்துப் பெண்மணி. இந்திய மருத்துவப் பணியில் இருந்த மருத்துவரின் மனைவி, மதராஸ் மாகாணத்தில் வாழ்ந்தவர். புத்தகம் 1899-ல் லண்டனில் வெளியானது. சிறுவனின் உடைகளைப் பறித்துக்கொண்ட புலிகள் ஒன்றையொன்று துரத்தி மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கடைசியில் நெய்யாக உருகிவிடும் கதை. புலியும் நெய்யும் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் ஏது? ஆனாலும் அட்லாண்டிக்கைக் கடந்த பிறகு அந்தச் சிறுவன் அமெரிக்கக் கறுப்பினச் சிறுவனாகிவிட்டான். தடித்த உதடு, உருண்டைக் கண், கிழிந்த உடை என்று பதிப்புக்குப் பதிப்பு கேலிச்சித்திரம் மோசமானது. 'சாம்போ' என்பதே வசைச்சொல். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1932-லேயே இதைக் கண்டித்தார். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் பள்ளிகளில் கதை நேரம் என்ற பெயரில் இதை வாசித்தார்கள். வகுப்பே சிரிக்கும். ஒரு மூலையில் ஒரு பிள்ளை மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும்.

அதே கதையை 1996-ல் இரண்டு புத்தகங்கள் மீட்டெடுத்தன. கறுப்பினப் படைப்பாளிகளான ஜூலியஸ் லெஸ்டரும் ஜெர்ரி பிங்க்னியும் 'சாம் அண்ட் த டைகர்ஸ்' என்று புதிதாகச் சொன்னார்கள். ஃப்ரெட் மார்செலினோ பாத்திரங்களுக்கு இந்தியப் பெயர் வைத்து 'லிட்டில் பாபாஜி' ஆக்கினார். கதையில் குற்றமில்லை. படத்திலும் பெயரிலும்தான் விஷம் இருந்தது. படப் புத்தகத்தில் படமும் பேசும் என்பதை வாசிப்பவர் மறக்கக்கூடாது.

"குழந்தைக்கு நிறம் தெரியாது"

இது எதிர்த்தரப்பின் செல்ல வாதம். பிஞ்சு மனதில் எதற்கு இனம், நிறம் எல்லாம், நாமே ஏன் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையில்லை. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி 1940-களில் மூன்று முதல் ஏழு வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையே நல்லது என்றன. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலும் இந்த ஆய்வு குறிப்பிடப்பட்டது. ஆக, மௌனமும் ஒரு பாடம்தான். பெரியவர்கள் சொல்லித்தராததைத் தெருவும் திரையும் சொல்லித்தந்துவிடும், அதுவும் தவறாக.

"கதை என்றால் மகிழ்ச்சி, அதில் ஏன் உபதேசம்?" என்பது இரண்டாவது வாதம். இதில் பாதி உண்மை உண்டு. ஆனால் அந்தப் பாதி உண்மை வெட்டுவது பிப்ரவரித் திருவிழாவைத்தான், புத்தகங்களை அல்ல!

எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே' 1962-ல் வந்தது. சிவப்பு உடை போட்ட பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் பனியில் நடக்கிறான், விளையாடுகிறான், ஒரு பனி உருண்டையைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறான். அது உருகிப்போகிறது. அவ்வளவுதான் கதை! போராட்டம் இல்லை, போதனை இல்லை. 1963-ல் கால்டிகாட் பதக்கம் பெற்றது. நியூயார்க் பொது நூலகம் தன் 125 ஆண்டு வரலாற்றில் வாசகர்கள் அதிகம் இரவல் வாங்கிய நூல் இதுதான் என்று 2020-ல் அறிவித்தது. மொத்தம் 4,85,583 முறை! நான்சி லாரிக் இதையும் குறை சொன்னார் என்பது வேறு விஷயம். பீட்டரின் அம்மாவை வரைந்த விதம் பழைய கேலிச்சித்திரத்தை நினைவூட்டுகிறது என்பது அவர் புகார். நல்ல புத்தகத்தையும் கண்ணைத் திறந்துகொண்டுதான் வாசிக்க வேண்டும். ஆனால் பீட்டரை வாசிக்க எந்த மாதமும் தேவையில்லை, பனி பெய்தால் போதும்.

கண்ணாடியும் ஜன்னலும்

பேராசிரியர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990-ல் ஓர் உவமை சொன்னார். புத்தகம் சிலருக்குத் தன் முகம் காட்டும் கண்ணாடி, சிலருக்குப் பிறர் வாழ்வைக் காட்டும் ஜன்னல். எந்தக் குழந்தைக்கும் இரண்டும் வேண்டும். வெறும் கண்ணாடி மட்டும் பார்த்து வளரும் பிள்ளை உலகமே தன் முகம்தான் என்று நம்பிவிடும். எனவே "எங்கள் பள்ளியில் வெள்ளைப் பிள்ளைகள் மட்டும்தானே, எங்களுக்கு எதற்கு?" என்று கேட்கும் பள்ளிக்குத்தான் இந்தப் புத்தகங்கள் அவசரத் தேவை.

விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் 1985 முதல் கணக்கெடுத்து வருகிறது. அந்த ஆண்டு வெளியான சுமார் 2,500 நூல்களில் கறுப்பினத்தவர் எழுதியவை அல்லது படம் வரைந்தவை 18 மட்டுமே. 2018-ல் வந்த நூல்களில் வெள்ளையர் முதன்மைப் பாத்திரங்களாக இருந்தவை 50 சதவீதம். விலங்குகளும் பிறவும் 27 சதவீதம். கறுப்பினத்தவர், ஆசியர், லத்தீன் அமெரிக்கர், பழங்குடியினர் எல்லோரையும் கூட்டினாலும் 23 சதவீதம்தான். கரடிக்கும் முயலுக்கும் கிடைத்த பக்கங்கள் இந்த மனிதக் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை!

எப்படி வாசிப்பது?

வழி காட்டியவர்கள் முன்பே இருக்கிறார்கள். பூரா பெல்ப்ரே என்ற போர்ட்டோ ரீக்கோப் பெண் 1921-ல் நியூயார்க் பொது நூலகத்தில் சேர்ந்தார். பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் கதை சொன்னார், பொம்மலாட்டம் காட்டினார். தன் பாட்டி சொன்ன கரப்பான்பூச்சி மார்ட்டினா, எலி பெரெஸ் கதையை 1932-ல் புத்தகமாக்கினார். ஹார்லெம் கிளையில் 1937-ல் பணியேற்ற அகஸ்டா பேக்கர், கறுப்பினப் பிள்ளைகளைக் கண்ணியமாகக் காட்டும் நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்துப் பட்டியலே தயாரித்தார். இருவருக்கும் கதை நேரம் என்பது வாரந்தோறும் நடக்கும் வேலை, விழா அல்ல.

வாசிப்பவர் செய்ய வேண்டியவை பெரிய வித்தை ஒன்றுமில்லை. புத்தகத்தை முன்கூட்டியே வீட்டில் ஒருமுறை வாசிக்க வேண்டும். பாத்திரத்தின் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழக வேண்டும். பெயரைக் கடித்துத் துப்பினால் அந்தப் பெயருள்ள பிள்ளைக்கு வலிக்கும். வகுப்பில் இருக்கும் ஒரே சீனச் சிறுமியை எழுப்பி "உங்கள் வீட்டில் இப்படித்தானா?" என்று கேட்கக்கூடாது. அவள் பிள்ளை, தூதர் அல்ல. பண்டிகை, பலகாரம், பட்டாடை தாண்டி, பல் விழுந்த கதையும் நாய்க்குட்டி தொலைந்த கதையும் வேண்டும். பிடித்துப்போனால் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் பென்சில்வேனியாவின் சென்ட்ரல் யார்க் பள்ளி மாவட்டத்தைப் பார்க்கட்டும். பன்முகத்தன்மைக்காகத் தயாரித்த நூல் பட்டியலையே அங்கே 2020-ல் முடக்கினார்கள். அதில் 'ஐ ஆம் ரோசா பார்க்ஸ்' என்ற சிறுவர் படப் புத்தகமும் இருந்தது. 2021 செப்டம்பரில் மாணவர்கள் பள்ளி வாசலில் நின்று போராடிய பிறகே தடை விலகியது. படப் புத்தகத்துக்கு வலிமை இல்லையென்றால் யார் அதைத் தடுக்க மெனக்கெடுவார்கள்?

தடுப்பவர்களுக்குத் தெரிந்த அந்த வலிமை வாசிப்பவர்களுக்கும் தெரிய வேண்டும். பிப்ரவரி மேசையில் அடுக்கும் புத்தகத்தை ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், எந்தக் காரணமும் இல்லாமல், நல்ல கதை என்ற ஒரே காரணத்துக்காக எடுத்து வாசிக்கட்டும். அன்றைக்குத்தான் அந்த அறையில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்காரர்கள்.