காரின் கூரை தொங்கினால் காரை விற்க வேண்டுமா?

மழைக்காலத்தில் எங்கள் கடக்வாஸ்லாவுக்கு ஒரு முறையாவது வராத புனே தமிழர் குடும்பம் இருக்க முடியாது. அணைக்கரையில் சுட்ட சோளக்கதிர், கொதிக்கக் கொதிக்கக் காந்தா பஜ்ஜி, நேரமிருந்தால் சின்ஹகட் வரை ஒரு சவாரி. பிறகு சொட்டச் சொட்ட நனைந்த குடைகளையும் குழந்தைகளையும் காருக்குள் ஏற்றி, கண்ணாடியை மூடிக்கொண்டு வீடு திரும்புகிறோம். அந்த ஈரமெல்லாம் எங்கே போகிறது என்று யாராவது யோசித்ததுண்டா?

ஒரு பங்கு நம் தலைக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது. பத்துப் பதினைந்து வருஷம் பொறுமையாக இருந்துவிட்டு, ஒருநாள் கூரைத் துணியைக் கீழே தள்ளிவிடுகிறது.

என் கார் 2008-ல் வாங்கியது. பின்பக்கம் முழுக்கத் திறக்கும் சின்னக் கார். ஓய்வு பெற்று இங்கே வந்தபின் அதற்கு ஷெட் கிடையாது. வெயிலும் மழையும் நேராக அதன் தலையில்தான். இரண்டு கோடைக்கு முன்னால் பின் சீட்டுக்கு மேலே உள்ளங்கை அளவு ஒரு உப்பல் தெரிந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அது தொட்டில் போலத் தொங்கிவிட்டது. பின்னால் வரும் லாரியைப் பார்க்கக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தால் லாரி தெரியவில்லை, துணிதான் தெரிந்தது. "ஏங்க, கல்யாணப் பந்தலுக்குள்ளே உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றாள் என் இல்லத்தரசி. ஹிஞ்சவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் என் மகன் இன்னும் சுருக்கமாகச் சொன்னான்: "அப்பா, ஸ்கிராப்புக்குக் கொடுத்துடுங்க."

அவன் கணக்கிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சொந்தக் காருக்குப் பதிவு பதினைந்து ஆண்டுதான். அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆக்கினார்கள். 2023-ல் நான் அதைக் கட்டினேன். இருபது வயதைத் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று 2025 ஆகஸ்டில் மேலும் ஏற்றிவிட்டார்கள். இதற்கு மேல் பசுமை வரி வேறு. புகை கக்கும் வண்டிக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது போகத்தான் வேண்டும். ஆனால் எஞ்சின் சுத்தமாக ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, புகைச் சோதனையில் தேறுகிறது. தலைக்கு மேலே ஒரு கெஜம் துணி தொங்குகிறது என்பதற்காக அந்த வண்டியை இரும்புக் கடைக்கு அனுப்புவதா? பல் விழுந்ததற்காக மனிதனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போகிறோமா?

நோய் என்ன என்று முதலில் பார்ப்போம். அந்தக் காலத்துப் பத்மினியிலும் அம்பாசடரிலும் கூரைத் துணியைக் குறுக்குக் கம்பிகளில் கோர்த்து, ஓரங்களில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். அது கிழியும், அழுக்கேறும். ஆனால் உப்பித் தொங்குவது அபூர்வம். பம்பாய் டாக்ஸிக்காரர்கள் அந்தக் கூரையைப் பூப்போட்ட ரெக்ஸினால் அலங்கரித்து ஓட்டியது மாதுங்காவிலும் தாராவியிலும் குடியிருந்தவர்களுக்கு நினைவிருக்கும். 2015-ல் 'டாக்ஸி ஃபேப்ரிக்' என்ற பெயரில் இளம் ஓவியர்கள் சிலர் டாக்ஸிகளின் கூரைக்கும் சீட்டுக்கும் தாங்களே துணி வடிவமைத்துக் கொடுத்தார்கள். கடைசிப் பத்மினி டாக்ஸி பதிவானது 2003 அக்டோபரில். இருபது ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் அந்த ஜாதியே தெருவிலிருந்து விடைபெற்றது.

பிறகு வந்த கார்களில் முறை வேறு. அழுத்திச் செய்த ஒரு நார் அட்டை; அதன்மேல் ஒட்டிய துணி. துணியின் முதுகில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலியூரித்தேன் நுரை. சங்கடம் இந்த நுரையில்தான். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அதன் ரசாயனக் கட்டு மெல்ல மெல்ல அறுந்து பொடியாகிவிடும். பரணில் பல வருஷம் வைத்த ஷூவை எடுத்துப் போட்டதும் அடிப்பாகம் பிஸ்கட் போல உதிர்ந்ததைப் பார்த்திருப்பீர்களே, அதே வியாதி! ஏப்ரல், மே மாதங்களில் வெயிலில் நின்ற காரின் கூரைத் தகடு கை வைக்க முடியாமல் கொதிக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை விடாத ஈரம். அணையோரம் இருப்பதற்கு எங்களைப் போன்றவர்கள் கட்டும் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பசை விட்டுப்போனதால் துணி விழுகிறது என்று நினைப்பது பாதி உண்மைதான். பசை பெரும்பாலும் அட்டையில் அப்படியே இருக்கிறது; துணியும் நன்றாக இருக்கிறது. நடுவில் இருந்த நுரைதான் செத்துவிட்டது. இது புரியாமல் நானே முதலில் ஏமாந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். முதலில் குண்டூசி குத்தினேன். பிறகு வீட்டிலிருந்த வெள்ளைத் தச்சுப் பசையை ஊசிபோடும் சிரிஞ்சில் ஏற்றித் துணிக்குள் பீய்ச்சினேன். இரண்டு வாரம் நின்றது. மே மாதத்து வெயிலில் எல்லாம் கழன்று, போதாததற்குத் துணியில் மஞ்சள் மஞ்சளாய்க் கறை. பொடியின் மேல் பசை தடவினால் பசை பிடிப்பது பொடியைத்தான், அட்டையை அல்ல. முப்பது வருஷத்துக்கு மேல் ரயில் பெட்டிகளோடு மாரடித்தவன் இதை மறக்கலாமா! மாதுங்கா பணிமனையில் பெட்டித் தரையில் பி.வி.சி. விரிப்பு ஒட்டும்போது எங்கேயாவது கொப்புளம் எழுந்தால், எங்கள் பழைய மிஸ்திரி பசை டப்பாவைப் பார்க்கவே மாட்டார். "தரையைத் துடைத்தது யார்?" என்றுதான் கேட்பார்.

கடைசியில் பள்ளி விடுமுறைக்கு வந்த பதினொரு வயதுப் பேரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு முறையாக இறங்கினேன். பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றியபின் உள்விளக்கு, வெயில் மறைப்புத் தட்டிகள், கைப்பிடிகள், கதவோர ரப்பர், தூண்களை மூடியிருக்கும் பிளாஸ்டிக் என்று வரிசையாகக் கழற்றினோம். எந்தத் திருகாணி எந்த இடத்தது என்று பேரன் முட்டைத் தட்டில் குழிக்கு ஒன்றாகப் போட்டு எழுதி வைத்தான். பிளாஸ்டிக் கிளிப் இரண்டு உடைந்தன. பழைய வண்டியில் அது சகஜம். முன் சீட்டுகளை முழுக்கச் சாய்த்துவிட்டு அட்டையை டிக்கி வழியாக வெளியே எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் அவசியம். அட்டையை ஒருமுறை மடக்கிவிட்டால் அந்தக் கோடு ஆயுளுக்கும் மறையாது.

துணியை உரித்ததும் ஆரஞ்சு நிறத்தில் பொடி கொட்டியது. மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்; வாசலில் வைத்துச் செய்யுங்கள்; வீட்டுக்குள் செய்தால் அதற்குப் பிறகு வரும் வசவுக்கு நான் பொறுப்பல்ல. செருப்புத் தேய்க்கும் நார் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, பொடியைத் தட்டி, மறுபடி தேய்த்து, வாக்குவம் கிளீனரால் இழுத்து, கையை வைத்துப் பார்த்தால் ஒன்றும் ஒட்டக்கூடாது. எங்களுக்கு இதற்கே ஒரு முழுக் காலைப்பொழுது போயிற்று. இரும்புச் சுரண்டி வேண்டாம், அட்டையின் தோலே உரிந்துவிடும். தண்ணீரும் வேண்டாம். பேரன் அரை மணிக்கொரு தரம் "போதுமா தாத்தா?" என்றான். நான் கறுப்புத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டுவேன். துணியில் பொடி தெரியும். மறுபடி தேய்ப்பான்.

துணியும் பசையும் நானா பேட்டில் சீட் கவர் சாமான் விற்கும் கடையில் கிடைத்தன. நுரை ஒட்டிய ரூஃப் லைனிங் துணி என்று கேட்டு வாங்குங்கள். நுரை இல்லாத வெறும் துணி ஒட்டினால் அட்டையின் மேடு பள்ளமெல்லாம் முகத்து அம்மைத் தழும்பு போலத் தெரியும். நீளத்திலும் அகலத்திலும் நாலு விரல் கூடுதலாக இருக்கட்டும். பசை, ரெக்ஸின் ஒட்டுகிறவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் நிற ரப்பர் பசை. வெப்பம் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் விரலில் இழுபடாத வரை காத்திருக்க வேண்டும். ஆத்திரக்காரனுக்கு இந்த இடத்தில்தான் புத்தி மட்டு. ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பசை நுரைக்குள் இறங்கித் துணிக்கு வெளியே கறையாக வரும். இந்தப் பசையின் ஆவி தீப்பற்றும். பீடி, சிகரெட், பக்கத்தில் சாமி விளக்கு எதுவும் கூடாது. காற்றோட்டம் வேண்டும்.

துணியைப் பாதியாக மடித்து நடுக்கோட்டில் தொடங்கி, ஒரு பாதியை ஒட்டிய பிறகு மறுபாதி. நடுவிலிருந்து ஓரத்துக்கு, குழிகளில் முதலில், உள்ளங்கையால் நீவிக்கொண்டே போக வேண்டும். இந்த வகைப் பசை ஒட்டிய மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும், தூக்கி நகர்த்த வழியில்லை. இழுக்கவும் கூடாது, இழுத்து ஒட்டிய துணி குழிகளில் மறுபடி எழும்பிவிடும்.

இந்த 'நீவு' என்ற சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன் என்றாலும் தப்பில்லை. பேரன் பள்ளியில் ஆங்கிலம், தெருவில் மராத்தி. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் போகிறான், குறள் ஒப்பிப்பான். ஆனால் "மெதுவா நீவுடா" என்றபோது திருதிருவென்று விழித்தான். கையைப் பிடித்து நீவிக் காட்டினேன். அன்று மாலைக்குள் நீவு, சுரண்டு, பிசிறு, சுருக்கம், மடிப்பு, ஓரம், விளிம்பு எல்லாம் அவன் வாயில் வந்துவிட்டன. யாரும் எழுதிப் போடவில்லை, பரீட்சையும் வைக்கவில்லை. "தாத்தா, இங்கே ஒரு சுருக்கம், நீவணும்" என்று அவனே சொன்னபோது என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்குத் தமிழ் என்றால் மேடையும் பாட்டும் பட்டிமன்றமும்தான் என்றாகிவிட்டது. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வேலை செய்கிற தமிழ் வீட்டில் வேலை நடந்தால்தான் வரும். குழாய் ஒழுகினால் போன், மின்விசிறி நின்றால் போன், கார் கூரை தொங்கினால் போன், வருகிறவரோடு இந்தியில் பேச்சு. பிள்ளைக்கு அந்தச் சொற்கள் எங்கிருந்து வரும்? நம் சங்கத்து வகுப்பில் மாதத்தில் ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு பழைய நாற்காலிக்குப் புதுத்துணி போடக் கற்றுக் கொடுங்கள் என்பது என் யோசனை. ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"நம்ம நாட்டில் கூலி மலிவு, அந்தத் தொழிலாளி வயிற்றில் ஏன் அடிக்கிறீர்கள்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். எனக்குக் கடையில் சொன்ன விலை ஆறாயிரம். நான் செலவழித்தது கிளிப் உட்பட ஆயிரத்து நானூறு சொச்சம், அதுவும் அதே தெருவில்தான். நாள் கூலி பார்த்து வாழ்கிறவருக்கோ, முதுகு வலிக்காரருக்கோ நான் இந்த வேலையைச் சிபாரிசு செய்யவில்லை. தாராளமாகக் கடையில் கொடுங்கள். ஒரே ஒரு விஷயம், பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருங்கள். பழைய பொடியைத் தேய்க்காமல் மேலேயே ஒட்டிக் கொடுத்தால் அடுத்த மழைக்கு மறுபடி பந்தல்தான்.

எல்லா வேலையிலும் கை வைக்கச் சொல்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரேக், ஸ்டியரிங், எரிபொருள் குழாய் மூன்றையும் நானே மெக்கானிக்கிடம்தான் விடுகிறேன். புதிய கார்களில் கூரையின் பக்க ஓரங்களில் ஏர்பேக் சுருட்டி வைத்திருப்பார்கள். தூண் பிளாஸ்டிக்கில் அந்த எழுத்து இருந்தால், அந்த வண்டியின் கூரையைத் தொடாமல் சர்வீஸ் நிலையத்துக்கு ஓட்டிச் செல்லுங்கள். என் பழைய வண்டியில் அது கிடையாது, அதனால்தான் துணிந்தேன். துணி ஒட்டுவதில் தோற்றால் நஷ்டம் ஒரு கெஜம் துணி; உயிர் அல்ல.

எங்கள் வேலையிலும் குறை உண்டு. வலது பின் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது. பேரன் கை அது. மாற்றி ஒட்டலாமா என்றேன், வேண்டாம் என்றுவிட்டான். இந்த மழைக்காலம் முழுக்க ஓடி முடித்தாயிற்று, துணி ஓர் இழை அசையவில்லை. குடையை இப்போது டிக்கியில் பிளாஸ்டிக் வாளியில் வைக்கிறோம். வெயில் அடிக்கும் நாளில் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்து ஈரத்தை வெளியே விடுகிறேன். மகன் சென்ற வாரம் வந்தவன் பின் சீட்டில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தான். ஸ்கிராப் பேச்சை எடுக்கவில்லை. துணியில் ஒன்றரை அடி மிச்சம் இருக்கிறது. வெயில் மறைப்புத் தட்டிகள் கறுத்துப் போயிருக்கின்றன, தீபாவளி விடுமுறைக்கு வரும்போது அதைச் செய்யலாம் என்று பேரன் சொல்லியிருக்கிறான்.