மாத்திரையும் இரண்டு பெக்கும்

போன டிசம்பர் லீவுக்கு கால்வெஸ்டனில் இருந்து ஐந்து நாள் குரூஸ் போனோம். ஊரிலிருந்து வந்திருந்த மாமா, அத்தை, நாங்கள் இரண்டு பேர், பையன். மறுநாள் காலையிலேயே கப்பல் ஆட ஆரம்பித்துவிட்டது. மாமாவுக்கு மலைப்பாதையில் பஸ் ஏறினாலே தலை சுற்றும். என் மனைவி ஒரு மெக்லிசின் மாத்திரை கொடுத்தாள். மத்தியானத்துக்குள் தெம்பாகிவிட்டார்.

சாயங்காலம் அத்தையும் மற்றவர்களும் ஷோ பார்க்கப் போனார்கள். மாமா என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். மாப்பிள்ளைக்குப் புரியாதா? இரண்டு பேரும் பாருக்குப் போனோம். அவருக்கு எப்போதும் இரண்டு பெக் அளவு; ஒன்றும் ஆகாது. காலையில் போட்ட மாத்திரைதானே என்று நானும் யோசிக்கவில்லை.

திரும்பும்போது படிக்கட்டில் விழப் போனவரைப் பிடித்துக்கொண்டேன். ரூமுக்கு வந்ததும் பேச்சு குழறியது. படுத்தவரை எழுப்பினால் சரியாக முழிக்கவில்லை. ஸ்ட்ரோக்கோ என்று அத்தை அழ ஆரம்பித்துவிட்டார். வீல்சேரில் கப்பல் டாக்டரிடம் கொண்டு போனோம்.

"என்ன மாத்திரை போட்டார்? ஏதாவது குடித்தாரா?" என்று டாக்டர் கேட்டார். முதல் கேள்விக்கு மனைவி உடனே பதில் சொன்னாள். இரண்டாவதுக்கு, அத்தை எதிரில் நிற்க, நான் வாயைத் திறக்க அரை நிமிஷம் ஆனது. இன்றைக்கும் என்னை உறுத்துவது அந்த அரை நிமிஷம்தான்.

மெக்லிசின் ஒரு நாள் வரைக்கும் வேலை செய்யும். அது தலைசுற்றலை அடக்குவதோடு மூளையையும் மந்தமாக்கும். மதுவும் மூளையை மந்தமாக்கும். இரண்டும் சேர்ந்தால் வழக்கமான இரண்டு பெக் இரண்டு பெக்காக இருக்காது. வயதானவர்களுக்கு இன்னும் மோசம். டிராமமைன், ஊரிலிருந்து கொண்டு வரும் ஸ்டுஜெரான், அவோமின் எல்லாமே தூக்கம் வரவழைப்பவைதான். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபலமைன் பேட்ச் மூன்று நாள் வேலை செய்யும். எடுத்த பிறகும் மருந்து உடம்பில் கொஞ்சம் இருக்கும். போதாததற்கு, மது தானாகவே உள்காதின் சமநிலையைக் குழப்பும். அதாவது எதற்காக மாத்திரை போட்டோமோ, அதையே கூட்டிவிடும்.

குடிக்கிற எண்ணம் இருந்தால் மாத்திரை போடும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். க்ளகோமா, புராஸ்டேட் பிரச்சினை இருந்தாலும் அப்படித்தான். ரூம் புக் பண்ணும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் குறைவாகத் தெரியும். டெக்கில் நின்று தூரத்து அடிவானத்தைப் பார்ப்பதும் உதவும்.

மாமா காலையில் எழுந்து இட்லி இருக்கிறதா என்று கேட்டார். அத்தை அவரிடம் பேச இரண்டு நாள் ஆனது. என்னிடம் பேச நான்கு நாள். நம் வீடுகளில் மாத்திரை எல்லோருக்கும் தெரிந்து உள்ளே போகிறது, கிளாஸ் யாருக்கும் தெரியாமல் போகிறது. அன்றைக்கு இரண்டும் தெரிந்திருந்த ஒரே ஆள் நான்தான். நான்தான் தடுத்திருக்க வேண்டும்.