இரணைதீவு மக்கள் தரும் பாடம்



2025 மார்ச் மாதம் சிரியாவின் கடலோரப் பகுதியில் அலவி சிறுபான்மையினர் பலர் கொல்லப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் எல்லை கடந்து லெபனானுக்கு ஓடினர். இறந்தவர்களின் எண்ணிக்கை செய்தியில் வருகிறது. விட்டுவந்த ஊர்கள் என்ன ஆகின்றன என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு, நமக்கு அருகிலுள்ள இரணைதீவின் வரலாறு பதில் சொல்கிறது.

இரணைதீவு இலங்கையின் கிளிநொச்சி மாவட்டம், பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்தது. பெரியதீவு, சின்னதீவு என இரண்டு தீவுகள் அடங்கியது. அங்கு வாழ்ந்தவர்கள் கத்தோலிக்க மீனவர்கள். மீனும் கடலட்டையும் அவர்களின் பிழைப்பு. ஆலயமே ஊரின் மையம். 1992-ல் போர் அவர்களை வெளியேற்றியது. முழங்காவில் பகுதியில் இரணைமாதா நகரில் தங்கினார்கள். தீவு கடற்படையின் பிடிக்குள் போனது.

2009-ல் போர் முடிந்தும் ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. மனுக்கள் கொடுத்துச் சலித்த மக்கள் 2017 மே 1 அன்று தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். ஏறக்குறைய ஓராண்டு கடந்தது. 2018 ஏப்ரல் 23 அன்று சுமார் 40 படகுகளில், வெள்ளைக் கொடி ஏந்தி, தாங்களே தீவுக்குப் புறப்பட்டார்கள். கரையேறியதும் இடிந்து கிடந்த ஆலயத்துக்குச் சென்று செபித்தார்கள். அடுத்த மாதமே அரசு அவர்கள் அங்கு குடியேற இசைந்தது.

ஆனால் துன்பம் அதோடு தீரவில்லை. 26 ஆண்டுகளில் ஒரு தலைமுறை நிலப்பகுதியிலேயே பிறந்து வளர்ந்துவிட்டது. பிள்ளைகளின் பள்ளி அங்கே. பெற்றோரின் தொழில் தீவிலே. குடும்பங்கள் இரு கரைக்கும் அலைய நேர்ந்தது. 2021 மார்ச்சில், கொரோனாவால் இறந்தவர்களைப் புதைக்கும் இடமாக அரசு இதே தீவை அறிவித்தது. மக்கள் எதிர்த்தார்கள். பின்னர் அடக்கம் ஓட்டமாவடியில் நடந்தது. வெளியேற்றப்பட்ட ஊர், ஆட்சியாளர் கண்ணில் நெடுநாள் வெற்றிடமாகவே தெரிகிறது என்பதற்கு இது சான்று.

விவிலியத்தில் நெகேமியா, எருசலேமின் மதில்கள் இடிந்ததைக் கேட்டு அழுதார், நோன்பிருந்தார். பின்பு அரசரிடம் அனுமதி கேட்டார், இரவில் மதிலைச் சுற்றிப் பார்த்தார், வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தார். இரணைதீவு மக்களின் செபமும் இத்தகையதே. கண்ணீரோடு நிற்காமல், மனுவாகவும் போராட்டமாகவும் படகாகவும் மாறியது.

நம் மார்த்தாண்டத்துக்கு அருகே ஞாறான்விளையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1980-களிலும் அதன் பின்னும் போருக்குத் தப்பி தமிழகம் வந்த குடும்பங்கள் இத்தகைய முகாம்களில் வாழ்கின்றன. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குத் தாத்தாவின் ஊர் வெறும் பெயராகி வருகிறது.

பண்டிகை நாளில் அரிசியும் துணியும் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. முகாமின் முதியவர்களிடம் அவர்களின் ஊர், ஆலயம், காணி பற்றிக் கேட்போம். நம் இளைஞர்கள் அதை எழுதிவைக்கட்டும். திரும்பிப் போக விரும்புவோர் உரிமை கேட்கும் நாளிலும், இங்கேயே தங்க விரும்புவோர் குடியுரிமை கேட்கும் நாளிலும் அவர்களோடு நிற்போம். ஊரிழந்தோரை ஊரார் மறவாதிருக்க ஆண்டவர் நமக்கு மனம் தருவாராக.