காளஹஸ்தி கோபுரமும் மூன்று முக்கோணங்களும்

ராகு கேது பரிகாரத்துக்கோ, திருப்பதி போகிற வழியிலோ காளஹஸ்தி போய்வந்த குடும்பங்கள் நம்மில் நிறைய. ராஜகோபுரத்தின் முன்னால் வரிசையாக நின்று எடுத்த போட்டோ ஒன்று பழைய ஆல்பத்தில் இருக்கும். 1516-இல் கிருஷ்ணதேவராயர் கட்டிய அந்தக் கோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. புதிய கோபுரத்துக்கு 2017-இல் கும்பாபிஷேகம் ஆயிற்று. புதியது அழகுதான். ஆனால் பழையது இனி போட்டோவில் மட்டுமே.

லீவில் போகும்போது அந்த ஆல்பங்களை ஸ்கேன் செய்து எடுத்து வருகிறோம். படம் சாயம் போயிருக்கிறது. ஆட்டோ பட்டனை அமுக்குகிறோம், பிரைட்னஸை ஏற்றுகிறோம், அத்தையின் முகம் பளிச்சென்று வந்ததும் சேவ் செய்துவிடுகிறோம். பின்னால் கோபுரம் வெளுத்துப் போனதை யாரும் கவனிப்பதில்லை. இதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள்தான். சாயம் போன படத்தின் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்: மலை நடுவில் குவிந்து, இரண்டு ஓரமும் காலியாக இருக்கும். ஃபோட்டோஷாப்போ, இலவசமான கிம்ப்போ, லெவல்ஸைத் திறந்தால் அடியில் மூன்று முக்கோணங்கள். கறுப்பை மலை தொடங்கும் இடத்துக்கும், வெள்ளையை மலை முடியும் இடத்துக்கும் நகர்த்துங்கள். அங்கேயே நிறுத்துங்கள். மலைக்குள் நுழைந்தால், தாண்டி வந்ததெல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். வெயில் பட்ட கோபுர வேலைப்பாடு இருப்பது அந்த ஓரத்தில்தான். அதே பெயரில் சேவ் செய்துவிட்டால் அது திரும்ப வராது.

முகம் இருட்டாக இருக்கிறதா? நடு முக்கோணத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்கள். அது இரண்டு ஓரத்தையும் அப்படியே விட்டுவிட்டு நடுவில் இருப்பதை வெளிச்சமாக்கும். போதவில்லையா, முகத்தை மட்டும் செலக்ட் செய்து திருத்துங்கள்.

"பளிச்சென்று இருந்தால்தானே பிள்ளைகள் பார்ப்பார்கள்?" என்று கேட்கலாம். நியாயம்தான். வாட்ஸப்புக்கு ஒரு பளிச் பிரதி செய்து கொள்ளுங்களேன். ஆனால் ஸ்கேன் செய்த ஒரிஜினலை டிஃப் கோப்பாகத் தனியே வையுங்கள். வங்கியில் மூல வவுச்சரில் யாரும் அடித்து எழுதுவதில்லை. திருத்தம் தனி வவுச்சராகத்தான் போகும். இங்கேயும் அதே கணக்குதான்.

படம் எடுத்த அன்று கோபுரம் வெறும் பின்னணி. இன்று அத்தையைப் போலவே அதுவும் திரும்பி வராது. இரண்டு பேருக்கும் இடம் விட்டுத் திருத்துவோம்.