சுவருக்கு உடுத்துவதா? மனிதருக்கு விரிப்பதா?



தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், தேங்காய்ப்பட்டணம், இடலாக்குடி என நம் மாவட்டத்தில் எவ்வூருக்குச் சென்றாலும் புதிய வீடுகளின் வரவேற்பறைகள் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருப்பதைக் காண்கிறோம். பொய்க்கூரையில் பதித்த வண்ண விளக்குகள், சுவரெங்கும் மினுங்கும் பலகைகள், கண்ணாடி அலமாரியில் எவரும் தொடக்கூடாத பொருட்கள், பிளாஸ்டிக் உறை கழற்றப்படாத சோபா. வளைகுடா வெயிலில் பல்லாண்டு உழைத்தவரின் வியர்வை அது. ஆனால் அவ்வறையில் வீட்டார் அமர்வதில்லை. பிள்ளைகள் விரட்டப்படுகிறார்கள். முதிய உம்மாவின் கட்டில் பின்கட்டுக்குப் போய்விடுகிறது.

யாருக்காக இந்த அறை என்று கேட்டால், நாலு பேர் வந்துபோகும் இடமல்லவா என்கிறார்கள். அந்த நாலு பேரோ சோபாவின் விளிம்பில் பட்டும் படாமலும் அமர்ந்து, தேநீர் சிந்திவிடுமோ என்று அஞ்சி, விரைவில் விடைபெறுகிறார்கள். இளைப்பாற இயலாத அறையை அழகிய அறை என்று நாம் ஏற்க மாட்டோம்.

வீடு எதற்காக என்பதை இறைமறை தெளிவாகவே கூறுகிறது. இல்லங்களை நமக்கு அமைதி பெறும் இடமாக அல்லாஹ் ஆக்கியிருக்கிறான். கம்பளியிலிருந்தும் உரோமத்திலிருந்தும் வீட்டுப் பொருட்களைக் குறிப்பிட்ட காலம்வரை பயன்படுத்தத் தந்திருக்கிறான் என்பது அவ்வசனத்தின் கருத்து (16:80). முதலில் அமைதி, பிறகே பொருட்கள். அவையும் ஒரு காலம்வரைதான். இந்த வரிசையை நம் வரவேற்பறைகள் தலைகீழாக்கிவிட்டன.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்து, முஸ்லிம் நூலில் பதிவான ஒரு நிகழ்ச்சியைச் சிந்திப்போம். அவர்கள் ஒரு விரிப்பை வாசலில் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை வெறுத்து இழுத்துக் கிழித்தார்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை அணிவிக்குமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிடவில்லை என்றார்கள். அதே துணியை வெட்டி, பேரீச்ச நாரை உள்ளே திணித்து, அன்னையார் இரண்டு தலையணைகள் செய்தபோது நபியவர்கள் குறை கூறவில்லை. துணி ஒன்றுதான். சுவருக்கு உடுத்தியபோது கிழிக்கப்பட்டது. மனிதர் சாய்ந்துகொள்ளப் பயன்பட்டபோது ஏற்கப்பட்டது. வரவேற்பறையை அலங்கரிக்கும் எவருக்கும் இதைவிடத் தெளிவான அளவுகோல் வேறில்லை. வாங்கும் ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று கேட்போம்: இது சுவருக்கா, மனிதருக்கா?

அல்லாஹ் அழகானவன், அழகை நேசிக்கிறான் என்ற நபிமொழி இருக்கிறதே என்று சிலர் வாதிடுவர். உண்மைதான். இறைவன் தந்த அலங்காரத்தைத் தடைசெய்தவர் யார் என்று குர்ஆனும் கேட்கிறது (7:32). ஆனால் அதே நபிமொழி பெருமையை இன்னதென்று விளக்கியே முடிகிறது: உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே அது. ஆகவே நம் அறைக்குள் நுழையும் ஏழை உறவினர் தம் செருப்பையும் சட்டையையும் எண்ணிக் கூசினால், அங்கே இருப்பது அழகன்று.

அழகுக்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய இடம். அதன் பூமுகத்தில் மலர்கள் செதுக்கிய மரக்கூரை மேலே, சில இருக்கைகள் கீழே, மற்றதெல்லாம் வெற்றிடம். மந்திராலோசனை நடந்த கூடத்தில் கண்ணாடிபோல் வழவழக்கும் கருந்தரையும், மரச்சட்டங்களின் வழியே மெல்லக் கசியும் ஒளியும் காற்றுமே அலங்காரம். ஒரு நாட்டை ஆண்டவர்களுக்கே இவ்வளவு போதுமாக இருந்தது. நமக்கோ பன்னிரண்டடி அறைக்குள் மூன்று வகை விளக்குகள் வேண்டியிருக்கின்றன!

இதில் நம்மை அதிகம் வருத்துவது வேறொன்று. அந்தச் சோபாவை வாங்கியவர் யார்? பல வீடுகளில் மணமகளின் வாப்பா. கட்டிலும் பீரோவும் சோபாவும் சீர் என்ற பெயரில் வண்டியேறி வருகின்றன. மஹர் கொடுக்கக் கடமைப்பட்டவன் ஆண் (4:4). இல்லம் அமைத்துக் கொடுப்பதும் அவன் பொறுப்பே. அவனோ, மகளைக் கரைசேர்க்க நிலத்தை விற்ற ஒரு தந்தையின் கண்ணீர்மீது சாய்ந்து அமர்ந்திருக்கிறான். சீர் வாராத வீடுகள் சிலவற்றில் வட்டிக் கடன் வந்திருக்கிறது. ஹராமில் வாங்கிய மெத்தையில் எவருக்கு அமைதி கிட்டும்?

தேங்காய்ப்பட்டணத்தின் தோப்பில் முஹம்மது மீரான் 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக 1997இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். குடும்பப் பெருமையில் மூழ்கிய முஸ்தபாக்கண்ணு சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே பரம்பரை வீட்டின் பொருட்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்னும் கதை அது. நாற்காலியின்மீது குற்றமில்லை, இளைப்பாறும் இருக்கையை அந்தஸ்தின் சிம்மாசனமாக ஆக்கியவர்மீதே குற்றம். பெருமைக்காக வாங்கப்படும் பொருள் பெருமையோடு நிலைப்பதில்லை என்பதை நம் மண்ணின் எழுத்தாளரே காட்டிச் சென்றிருக்கிறார்.

அப்படியானால் அறையை எப்படி அமைப்பது? நம் மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையையும் காண்பது. தடித்த கம்பளமும் கனத்த திரையும் இங்கே பூஞ்சணத்துக்கே விருந்து. சன்னலை மறைக்காமல் காற்றை உள்ளே விடுவோம். துவைத்துக் காயவைக்கத்தக்க பருத்தி உறைகள் போதும். முதியவர் பிறர் கைப்பிடிக்காமல் எழத்தக்க உயரத்தில் உறுதியான நாற்காலி ஒன்று, கூடத்தின் நல்ல இடத்தில், வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ இருக்கட்டும். இருக்கைகள் தொலைக்காட்சியை நோக்கி அல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி அமையட்டும். தாமிரபரணிக் கரையின் கோரையில் முஸ்லிம் குடும்பங்கள் நெய்யும் பத்தமடைப் பாய் அண்டை மாவட்டத்திலேயே கிடைக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பாயை விரித்தால் பத்துப் பேர் அமரலாம். சுருட்டி வைத்தால் அறை விசாலமாகும். தொழவும் பிள்ளைகள் ஓதவும் ஓரிடம், ஒரு புத்தக அலமாரி, கண்ணுக்கு இதமான ஒரே நிறச் சுவர். கண்ணியம் இதற்குமேல் எதையும் கேட்பதில்லை.

கணவனுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, மூன்றாவது விருந்தினருக்கு, நான்காவது ஷைத்தானுக்கு என்ற கருத்தில் நபிமொழி ஒன்று முஸ்லிமில் உண்டு. விருந்தினருக்கு மார்க்கம் தந்திருப்பது இளைப்பாறும் விரிப்பு. வேடிக்கை பார்க்கும் சுவரன்று. அடுத்த திருமணப் பேச்சிலேயே, சோபாவும் கட்டிலும் எங்கள் பொறுப்பு என்று மணமகன் வீட்டார் வாய்திறந்து சொல்லட்டும். ஜமாஅத்துகள் அதற்குத் துணைநிற்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களை அமைதியின் இருப்பிடங்களாகவும், ஏழையும் செல்வரும் கூச்சமின்றி அமரும் கூடங்களாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.