வீடும் நாமும்: மழை விட்டதும் வர்ணமா?

அலைந்து திரிந்து ஒரு வீடு அமைந்ததும், வருகிற தீபாவளிக்கே அதை அழகு பார்க்க எமக்கு ஆசை. ஆனால் பண்டிகைத் திகதியை மட்டும் பார்த்து வெளிச்சுவருக்கு வர்ணம் பூசினால், உழைத்த காசு உரிந்து விழும்.

மியன்மாரில், யங்கோன் நகரின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியைப் பாருங்கள். அங்கே ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. பெரும்பகுதி மே நடுப்பகுதி முதல் ஒக்டோபர் வரை. யாழ்ப்பாணத்திலோ ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையே பெருமழை. ஆகவே ஊர்க் கணக்கு அங்கு உதவாது. தீபாவளிக்கு வானம் வெளுத்தாலும் சுவர் குடித்த நீர் உள்ளேதான் இருக்கும். அதன்மேல் பூசினால் வர்ணம் கொப்புளித்து உரியும், உப்பும் பூக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரையே உகந்த காலம்.

முதலில் பாசியைச் சுரண்டிக் கழுவிக் காயவிடுங்கள். பொலித்தீன் துண்டொன்றைச் சுவரில் நாற்புறமும் ஒட்டி, மறுநாள் பாருங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் பொறுங்கள். புதுச் சீமெந்துப் பூச்சு என்றால் ஒரு மாதமாவது ஆறட்டும். சுடுவெயிலிலும் பூச வேண்டாம்: மேற்குச் சுவருக்குக் காலை, கிழக்குச் சுவருக்குப் பிற்பகல். சுண்ணாம்பு அடிப்பவர்கள் மட்டும் சுவரை இலேசாக நனைத்துக்கொள்ள வேண்டும். மெதுவாகக் காய்ந்தால்தான் அது பிடிக்கும்.

குளிர்நாடுகளில் குடியேறியோருக்குக் கோடையே காலம். 10 பாகைக்குக் கீழே, நீரில் கரைக்கும் வர்ணங்கள் பல சரியாகப் பிடிப்பதில்லை.

மிங்கலா தாங்ஞுன்டில் இருப்போர் தீபாவளிக்கு வாசலைக் கழுவி விளக்கேற்றட்டும். வர்ணம் பொங்கலுக்கு வரட்டும். வந்த இடத்து வானத்தைப் படிப்பதும் குடியேற்றத்தில் ஒரு பாடந்தானே!